மூடியில் விளையாட்டு, ஆவணத்தில் ஓவியப் பொருள்: துறைமுகத்தில் நிற்கும் 600 கைவினைப் பெட்டிகள்

கோயம்புத்தூரில் வீட்டு மாடியிலேயே சிறுவர்களுக்குக் கைவினை வகுப்பு நடத்திவரும் வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். வகுப்பில் பயன்படும் பொருள்களைப் பெட்டியாகத் தொகுத்து இணையத்தில் விற்கலாம் என்று எண்ணிய அவர், சீனாவின் யீவூ நகரத்து வணிகர் ஒருவரிடம் 600 பெட்டிகளுக்கு ஆர்டர் கொடுத்தார். ஒவ்வொரு பெட்டியிலும் காற்றில் உலரும் களிமண், ஆறு நிற வண்ணக் குப்பிகள், கண்ணாடி மணிகள், நூல், முனை மழுங்கிய கத்தரிக்கோல், பசை ஆகியவற்றோடு, பட்டன் செல்லில் எரியும் சின்ன எல்.இ.டி. விளக்கு பொருத்திய காகித லாந்தர் ஒன்றும் உண்டு. மூடியில் அவருடைய வணிகப் பெயர், ‘6 முதல் 10 வயது வரை’, ‘விளையாடிக்கொண்டே செய்யலாம்’, ‘இந்தியாவில் வடிவமைக்கப்பட்டது’ என்ற வாசகங்கள் அச்சாகியிருக்கின்றன. ‘மேட் இன் சைனா’ என்பது பெட்டியின் அடிப்பக்கத்தில், தேடினால் மட்டும் கண்ணில் படும் அளவில் இருக்கிறது.

சரக்கு சென்னைத் துறைமுகம் வந்து சேர்ந்தபோது, சுங்கத் தரகர் அதை ‘மாணவர் ஓவியப் பொருள்கள்’ என்று குறிப்பிட்டு, பில் ஆஃப் என்ட்ரி எனும் இறக்குமதி ஆவணத்தைத் தாக்கல் செய்தார். பெட்டியைத் திறந்து பார்த்த அதிகாரி, இது ஏன் சுங்கவரி அட்டவணையில் பொம்மைகளுக்கான தலைப்பில் வராது என்றும், பி.ஐ.எஸ். எனும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் உரிமம் எங்கே என்றும் கேட்டுக் கேள்வி எழுப்பிவிட்டார். வாசகியை நேரில் வந்து வாக்குமூலம் தரும்படியும் அழைத்திருக்கிறார்கள். சரக்கு நிலையத்தில் டெமரேஜ் எனும் தாமதக் கட்டணம் நாளுக்கு நாள் ஏறுகிறது. “தரகர் செய்த தவறுக்கு நான் ஏன் பொறுப்பாக வேண்டும்? அடுத்த முறை சிங்கப்பூர் வழியாக அனுப்பி, வியட்நாம் சான்றிதழும் வாங்கித் தருவதாகச் சீன வணிகர் சொல்கிறார், அது சரியா? பொருள்களைத் தனித்தனியாக வரவழைத்து இங்கே பெட்டியில் அடைத்தால் இந்தியத் தயாரிப்பு என்று போடலாமா? எங்கள் ஊர் ஓவியர் வரைந்த மூடிப் படத்தின் கட்டணத்தையும் சரக்கின் மதிப்பில் சேர்க்க வேண்டும் என்கிறாரே தரகர், உண்மையா?” என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்விக்கு நல்ல பதில் இருப்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன். இறக்குமதிப் பொருள்களின் மதிப்பைக் கணக்கிடும் 2007ஆம் ஆண்டு விதிகளில், வாங்குபவர் விற்பவருக்கு இலவசமாகத் தரும் வடிவமைப்பு, ஓவியம் போன்றவற்றின் செலவை மதிப்பில் சேர்க்கச் சொல்லும் விதி 10, இந்தியாவுக்கு வெளியே செய்யப்பட்ட வேலைக்கு மட்டுமே பொருந்தும். உங்கள் ஓவியர் கோயம்புத்தூரில் அமர்ந்து வரைந்தவர், ஆகவே அந்தக் கட்டணத்தைச் சேர்க்கத் தேவையில்லை. ஆனால் கப்பல் வாடகையும் காப்பீடும் கட்டாயம் சேரும். அவற்றுக்குச் சரியான ரசீது இல்லையென்றால், வாடகைக்கு எஃப்.ஓ.பி. விலையில் (கப்பலில் ஏற்றும் வரையிலான விலை) 20 விழுக்காடும் காப்பீட்டுக்கு 1.125 விழுக்காடும் சேர்த்துவிடுவார்கள் என்பதால், உண்மையான ரசீதுகளைக் கையில் வைத்திருப்பது உங்களுக்கே லாபம்.

மற்ற கேள்விகளுக்கு இவ்வளவு இனிப்பான பதில் இல்லை. உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தபோது எனக்குப் பட்டது இதுதான்: ஒரே பெட்டிக்கு நீங்கள் மூன்று விவரங்கள் வைத்திருக்கிறீர்கள். பெற்றோரிடம் அது விளையாட்டுப் பொருள், சுங்கத்திடம் ஓவியப் பொருள், மூடியில் பாதி இந்தியப் பொருள். சட்டங்கள் பலவாக இருந்தாலும் அவை எல்லாம் பார்க்கப்போவது அந்த ஒரே மூடியைத்தான். ஆகவே ஒரு சட்டத்தில் சலுகை கிடைக்கும்படி சொல்லும் விவரம், இன்னொரு சட்டத்தில் உங்களுக்கு எதிரான சான்றாகிவிடுகிறது.

இது பொம்மையா, ஓவியப் பொருளா?

தரகர் சொன்ன வாதம் முழுக்க அர்த்தமற்றது என்று நான் சொல்லமாட்டேன். சிறுவர்களுக்கான வண்ணங்கள் தனியாக வந்தால் 3213 என்ற தலைப்பிலும், விளையாட்டுக் களிமண் 3407இலும், கிரேயான்கள் 9609இலும், வண்ணம் தீட்டும் புத்தகங்கள் 4903இலும்தான் வகைப்படும். சிறுவர்களுக்காகவே தயாரிக்கப்பட்டவை என்பதற்காக அவை பொம்மைகளுக்கான 9503க்குப் போவதில்லை. வெறும் வண்ணப் பெட்டி ஒன்றை மட்டும் நீங்கள் வரவழைத்திருந்தால் தரகரின் பக்கம் நின்று நானே வாதாடியிருப்பேன்.

உங்களுடையது வேறு. பலவகைப் பொருள்களை ஒரே பெட்டியில், மீண்டும் பிரித்து அடைக்கத் தேவையின்றி, நேரே வாடிக்கையாளர் கைக்குப் போகும்படி தொகுத்திருக்கிறீர்கள். இப்படிப்பட்ட தொகுப்பை அதன் முதன்மைத் தன்மையைக் கொண்டு வகைப்படுத்த வேண்டும் என்பது சுங்கவரி அட்டவணையின் பொது விளக்க விதி 3(பி). அதற்கு மேலாக, 95ஆம் அத்தியாயத்தின் குறிப்பு 4, பிற தலைப்புகளைச் சேர்ந்த பொருள்களும் பொம்மைகளும் கலந்து சில்லறை விற்பனைக்கெனத் தொகுக்கப்பட்டு, மொத்தத்தில் பொம்மையின் தன்மை இருந்தால், அந்தத் தொகுப்பு 9503இல் வரும் என்கிறது. சிறுவர்களுக்கான தையல், பின்னல், அச்சுத் தொகுப்புகளைக் கல்விப் பொம்மைகள் என்று அந்தத் தலைப்பின் உலகளாவிய விளக்கக் குறிப்புகளே எடுத்துக்காட்டுகின்றன. கூடவே ஒரு லாந்தர் இருக்கிறது. ‘விளையாடிக்கொண்டே செய்யலாம்’ என்று மூடியில் அச்சிட்டுவிட்டு, இதில் விளையாட்டே இல்லை என்று அதிகாரியிடம் சொல்வது கடினம்.

இந்த ஒரு தலைப்பு மாறுவதால் வரியில் ஏற்படும் வேறுபாடு மிகப் பெரிது. பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்க வரி 2020 பிப்ரவரி நிதிநிலை அறிக்கையில் 20 விழுக்காட்டிலிருந்து 60 ஆகவும், 2023இல் 70 ஆகவும் உயர்த்தப்பட்டது. கப்பல் வாடகை, காப்பீடு உட்பட உங்கள் சரக்கின் மதிப்பு 3,00,000 ரூபாய் என்று எழுதியிருக்கிறீர்கள். அடிப்படை வரி மட்டும் 2,10,000 ரூபாய் ஆகிறது. சமூக நல மேல்வரிக்கு விலக்கு உண்டா என்பதைத் தாக்கல் நாளின் அறிவிக்கையோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். அடுத்தது, இறக்குமதிக்கும் விதிக்கப்படும் ஜி.எஸ்.டி. வகையான ஐ.ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் மின்னணு அல்லாத பொம்மைகளுக்கு அது 12இலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்திருக்கிறது, மின்னணு பொம்மைகளுக்கு 18 விழுக்காடு தொடர்கிறது. அந்தச் சின்ன விளக்கைக் காட்டிப் பெட்டியையே மின்னணு பொம்மை என்று அதிகாரி கருதினால் 5,10,000 ரூபாய் மீது 91,800 ரூபாய், இல்லையென்றால் 25,500 ரூபாய். இந்தத் தொகையாவது ஜி.எஸ்.டி. பதிவு இருந்தால் உள்ளீட்டு வரி வரவாகத் திரும்பும். அடிப்படைச் சுங்க வரி திரும்பாது, அது உங்கள் அடக்கவிலையில்தான் ஏறும்.

வரியைவிடப் பெரிய தடை: ஐ.எஸ்.ஐ. முத்திரை

உங்கள் கடிதத்தில் ஒரு தவறான நம்பிக்கை தெரிகிறது. “வேண்டுமானால் முழு வரியையும் கட்டிவிட்டுச் சரக்கை எடுத்துவிடுகிறேன்” என்று எழுதியிருக்கிறீர்கள். கட்டினாலும் எடுக்க முடியாது. 2020 பிப்ரவரி 25 அன்று வெளியான பொம்மைகள் தரக்கட்டுப்பாட்டு ஆணை 2021 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 14 வயதுக்குட்பட்ட சிறுவர்கள் விளையாடுவதற்கென வடிவமைக்கப்பட்ட எந்தப் பொருளும், அது விளையாட்டுக்கு மட்டுமே ஆனதாக இல்லாவிட்டாலும், பி.ஐ.எஸ். உரிமத்தின் கீழ் இடப்படும் ஐ.எஸ்.ஐ. முத்திரை இன்றி இறக்குமதி செய்யப்படவோ விற்கப்படவோ கூடாது. ‘மட்டுமே ஆனதாக இல்லாவிட்டாலும்’ என்ற அந்தச் சொற்களைக் கவனியுங்கள். வரித் தலைப்பு பற்றிய வழக்கில் நீங்கள் வென்றுவிட்டாலும், இந்த ஆணையின் பிடியிலிருந்து தானாக விடுபட முடியாது, ஏனெனில் இங்கே அளவுகோல் வேறு.

முத்திரைக்கான உரிமத்தை இறக்குமதியாளர் வாங்க முடியாது. வெளிநாட்டு உற்பத்தியாளர்களுக்கான சான்றளிப்புத் திட்டத்தின் கீழ், பொருளைத் தயாரிக்கும் தொழிற்சாலையே பி.ஐ.எஸ்.ஸிடம் விண்ணப்பித்து, தொழிற்சாலை ஆய்வையும் மாதிரிச் சோதனையையும் கடந்து, இந்தியாவில் பொறுப்பேற்கும் பிரதிநிதி ஒருவரையும் நியமித்துப் பெற வேண்டும். உங்கள் யீவூ வணிகர் பல பட்டறைகளில் வாங்கிச் சேர்ப்பவர் என்று உங்கள் கடிதமே சொல்கிறது. அவருக்கென்று தொழிற்சாலையே இல்லாதபோது உரிமம் எதற்குக் கிடைக்கும்? நாளைக்கே ஒரு தொழிற்சாலை உரிமம் பெற்றாலும், ஏற்கெனவே செய்து முடித்து சென்னையில் நிற்கும் பெட்டிகள் மீது அந்த முத்திரையை ஒட்ட முடியாது. ஐரோப்பியச் சான்றிதழ் இருப்பதாக அவர் அனுப்பிய ஆவணமும் இந்த இடத்தில் செல்லாது.

இதை வெறும் காகிதத் தொல்லை என்று கருதிவிடாதீர்கள். உங்கள் பெட்டிக்குப் பொருந்தக்கூடிய ஐ.எஸ். 9873 தரநிலையின் பகுதிகள் கூர்முனை, சிறு துண்டுகள், எளிதில் தீப்பற்றும் தன்மை, வண்ணத்திலிருந்து கசியும் ஈயம் போன்ற தனிமங்கள், பிளாஸ்டிக்கை மென்மையாக்கும் தாலேட்டுகள் ஆகியவற்றை அளக்கின்றன. மின்சாரத்தால் இயங்குபவற்றுக்கு ஐ.எஸ். 15644 என்ற தனித் தரநிலை உண்டு. நீங்கள் அனுப்பிய படத்தில் லாந்தரின் அடிப்பகுதி தெரிகிறது: பட்டன் செல் இருக்கும் அறையின் மூடி நகத்தால் நெம்பினாலே திறந்துகொள்ளும் வகை, திருகாணி இல்லை. ஒரு குழந்தை விழுங்கிய பட்டன் செல் உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே கடும் புண்ணை உண்டாக்கக்கூடும். பெட்டி ஆறு வயதுக்கு மேற்பட்டோருக்கு என்றாலும், அந்த வீட்டில் இரண்டு வயதுத் தம்பியோ தங்கையோ இருக்கலாம் அல்லவா? சட்டம் அனுமதித்தாலும் இந்த லாந்தரை விற்க வேண்டாம் என்றுதான் உங்களுக்குச் சொல்வேன்.

இப்போது நிற்கும் சரக்கை என்ன செய்வது?

தரகரின் தவறு உங்கள் தலையில் விழுமா என்றால், பெரும்பாலும் விழும். பில் ஆஃப் என்ட்ரியில் உள்ளவை உண்மை என்று உறுதி கூறுபவர் இறக்குமதியாளர்தான், வரியைத் தாமே மதிப்பிட்டுச் சொல்லும் பொறுப்பையும் சுங்கச் சட்டம் 17ஆம் பிரிவில் அவர் மேல்தான் வைத்திருக்கிறது. வாடிக்கையாளரைச் சட்டப்படி நடக்க அறிவுறுத்துவது 2018ஆம் ஆண்டு உரிம ஒழுங்குமுறைகளின்படி தரகரின் கடமை, அதை அவர் மீறியிருந்தால் ஆணையரிடம் தனியே புகார் செய்யலாம். ஆனால் நீங்களே மேற்கோள் காட்டியிருக்கும் உங்கள் வாட்ஸாப் செய்தியை அதற்கு முன் நினைவில் கொள்ளுங்கள்: “வரி குறைவாக வருகிற மாதிரி பார்த்துப் போடுங்கள் அண்ணா.” நீங்கள் இதைக் கள்ளமின்றி எழுதியிருக்கலாம், படிப்பவர் அப்படிப் படிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அந்தச் செய்தியை அழித்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அழிக்காதீர்கள். தரகரின் தொலைபேசியில் அது இருக்கிறது, உங்களுடையதில் மட்டும் இல்லையென்றால் கள்ளமில்லாத வாக்கியம்கூடக் குற்ற உணர்வுக்குச் சான்றாகிவிடும்.

பொய்யான விவரம் தந்த சரக்கு 111(எம்) பிரிவின்படி பறிமுதலுக்கு உரியது. அதோடு, நிபந்தனை நிறைவேறாமல் வந்த பொருள் சட்டத்தின் பார்வையில் தடை செய்யப்பட்ட பொருளாகவே கருதப்படும் என்பதால், 112ஆம் பிரிவின் தண்டம் சரக்கின் மதிப்பு வரைக்கும் போகலாம். தெரிந்தே பொய் ஆவணம் தந்ததாக முடிவுசெய்தால் 114ஏஏ பிரிவு மதிப்பின் ஐந்து மடங்கு வரை இடம் கொடுக்கிறது. முதல் முறை இறக்குமதி செய்யும் ஒருவர் தானே முன்வந்து திருத்திக்கொண்டால் உச்ச அளவு விதிக்கப்படுவது அரிது. அந்த ‘தானே முன்வந்து’ என்பதற்கான நேரம் உங்களுக்கு இன்னும் இருக்கிறது, ஏனென்றால் இதுவரை வந்திருப்பது கேள்விதான், காரணம் கேட்கும் அறிவிப்பு அல்ல.

எனவே முதலில், 149ஆம் பிரிவின் கீழ் பில் ஆஃப் என்ட்ரியைத் திருத்த அனுமதி கோரி, பொருளின் விவரத்தையும் தலைப்பையும் நீங்களே சரிசெய்து எழுத்தில் விண்ணப்பியுங்கள். அதே நாளில், 49ஆம் பிரிவின்படி சரக்கைப் பொதுக் கிடங்குக்கு மாற்ற அனுமதி கேளுங்கள். கிடங்கு வாடகை சரக்கு நிலையத்தின் டெமரேஜைவிடப் பொதுவாகக் குறைவு. சுங்கத்துறை தடுத்து வைத்த நாள்களுக்கு டெமரேஜ் தள்ளுபடி கோர, 2009ஆம் ஆண்டு சரக்குக் கையாளுகை ஒழுங்குமுறைகளின்படி தடுத்துவைப்புச் சான்றிதழ் ஒன்றையும் கேட்டு வாங்குங்கள். சரக்கு நிலையங்கள் அதை முகஞ்சுளிக்காமல் ஏற்பது அபூர்வம் என்றாலும், கையில் இருந்தால் பேரம் பேசவாவது இடம் உண்டு.

அடுத்து, சரக்கின் முடிவு. முத்திரை இல்லாததால் உள்நாட்டு விற்பனைக்கு எடுக்கும் வழி அடைபட்டிருக்கிறது. மிஞ்சுபவை, வந்த வணிகருக்கே திருப்பி அனுப்புவதும், சரக்கின் மீதான உரிமையைக் கைவிடுவதும். 23ஆம் பிரிவின்படி கைவிட்டால் வரி இல்லை, ஆனால் குற்றம் நடந்ததாகத் தோன்றும் சரக்குக்கு அந்த வழி கிடையாது, தண்டமும் தனியே தொடரலாம். ஆகவே மறு ஏற்றுமதிக்கே நான் வாக்களிப்பேன். பறிமுதல் ஆணைக்குப் பதிலாக மீட்புத் தண்டம் செலுத்தி, மறு ஏற்றுமதிக்கு மட்டும் அனுமதி தரும் ஆணைகள் இத்தகைய வழக்குகளில் வழக்கமானவை. யீவூ வணிகர் பாதி விலைக்காவது திரும்ப ஏற்பாரா என்று இப்போதே எழுத்தில் கேளுங்கள். அவர் மறுத்து, கப்பல் வாடகையும் தண்டமும் சேர்ந்து சரக்கின் மதிப்பைத் தாண்டினால், அழிப்புக்கு ஒப்புக்கொள்வதே நட்டத்தைக் குறைக்கும். மூன்று லட்சத்தைக் காப்பாற்ற நான்கு லட்சம் செலவழித்தவர்களைப் பாரிமுனையில் நிறையப் பார்க்கலாம்.

வாக்குமூலத்துக்குத் தரகரை மட்டும் அனுப்பிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். 108ஆம் பிரிவின் அழைப்பு உங்கள் பெயருக்கு வந்திருந்தால் நீங்களேதான் போக வேண்டும். அங்கே கையெழுத்திடும் வாக்குமூலம் பின்னால் சான்றாகப் பயன்படும் என்பதால், தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள், எழுதியதை முழுக்கப் படித்த பிறகே கையெழுத்திடுங்கள். முன்பு கூரியரில் ‘அன்பளிப்பு’ என்று எழுதி வந்த மாதிரிப் பெட்டிகள் பற்றிக் கேட்டால் மறைக்க வேண்டாம். இணையத்தளங்களில் வாங்கியவற்றை அன்பளிப்பு என்ற பெயரில் கூரியர் வழி வரவழைப்பது 2019 டிசம்பரிலேயே தடை செய்யப்பட்டுவிட்டது, உயிர்காக்கும் மருந்துகளுக்கும் ராக்கிக்கும் மட்டுமே விலக்கு. அவற்றுக்கான வரியை வட்டியோடு கட்டித் தீர்ப்பதற்கு உங்கள் வழக்கறிஞரிடம் தனியே யோசனை கேளுங்கள்.

சிங்கப்பூர் வழி, வியட்நாம் சான்றிதழ்

இதை மட்டும் நான் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்: ஏற்காதீர்கள். சீனாவில் செய்த பொருள் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் கப்பல் மாறுவதால் அதன் பிறப்பிடம் மாறுவதில்லை. வியட்நாம் உள்ளிட்ட தென்கிழக்காசிய நாடுகளோடு இந்தியா செய்துகொண்ட ஆசியான் ஒப்பந்தத்தின் கீழ் வரிச் சலுகை கோர, பொருள் அந்த நாட்டிலேயே முழுக்க விளைந்திருக்க வேண்டும், அல்லது பொதுவாகக் குறைந்தது 35 விழுக்காடு மதிப்பு ஒப்பந்த நாடுகளில் சேர்ந்திருப்பதோடு சுங்கவரி உட்தலைப்பும் மாறியிருக்க வேண்டும். பெட்டி மாற்றி அடைப்பதும் லேபிள் ஒட்டுவதும் அதில் சேராது.

“சான்றிதழ் அரசு முத்திரையோடு வருகிறது, எனக்கென்ன பொறுப்பு?” என்ற வாதம் 2020 வரை ஓரளவு எடுபட்டது. அந்த ஆண்டு சுங்கச் சட்டத்தில் 28டிஏ பிரிவு சேர்ந்து, செப்டம்பர் 21 முதல் அதற்கான விதிகளும் வந்த பிறகு, பொருள் எங்கே, எந்த மூலப்பொருளால், எந்த விகிதத்தில் தயாரானது என்ற விவரங்களை இறக்குமதியாளரே வைத்திருக்க வேண்டும், ஐந்து ஆண்டுகள் பாதுகாக்கவும் வேண்டும். அதிகாரி கேட்டால், “வணிகர் தரவில்லை” என்பது பதிலாகாது. பொய்ச் சான்றிதழ் பிடிபட்டால் வணிகர் யீவூவில் இருப்பார், நீங்கள் சென்னையில் ராஜாஜி சாலைச் சுங்க மாளிகையில் நிற்பீர்கள். இத்தனைக்கும் பிறகு, அந்தச் சான்றிதழ் பி.ஐ.எஸ். தடையை ஓர் அங்குலம்கூட நகர்த்தாது.

மூடியில் என்ன எழுதலாம்?

‘இந்தியாவில் வடிவமைக்கப்பட்டது’ என்பது உங்கள் விஷயத்தில் பொய் அல்ல. ஆனால் அதைப் பெரிய எழுத்தில் முகப்பில் வைத்துவிட்டு, சீனத் தயாரிப்பு என்பதை அடியில் ஒளித்தால், வாங்குபவர் கொள்ளும் எண்ணம் பொய்யாகிவிடும். சரக்கு உருவான நாட்டைப் பற்றிய பொய் விவரம் 1999ஆம் ஆண்டு வணிகக் குறிகள் சட்டத்திலும் குற்றம். மக்களை ஏமாற்றும் விளம்பரம் என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் முடிவுசெய்தால் 10 லட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்க முடியும்.

2011ஆம் ஆண்டு சட்டமுறை எடையளவு, பொட்டலப் பொருள்கள் விதிகள் கேட்பவை எளிமையானவைதாம்: இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும், உருவான நாடு, பொருளின் பொதுப் பெயர், உள்ளே இருப்பவற்றின் எண்ணிக்கை அல்லது அளவு, மாதமும் ஆண்டும், எல்லா வரிகளும் அடங்கிய எம்.ஆர்.பி., குறை சொல்வதற்கான தொலைபேசி எண்ணும் மின்னஞ்சலும். இவை ஆங்கிலத்திலோ தேவநாகரி எழுத்தில் இந்தியிலோ இருக்க வேண்டும், தமிழைக் கூடுதலாகச் சேர்க்கலாம். தமிழில் மட்டும் அச்சிட வேண்டும் என்ற உங்கள் ஆசை எனக்கும் பிடித்திருக்கிறது, விதிக்குப் பிடிக்காது. இறக்குமதி தொடங்கிய 90 நாள்களுக்குள் இறக்குமதியாளராகப் பதிவு செய்துகொள்வதும் இதே விதிகளில் வருகிறது. இணையத்தில் விற்கும்போது, உருவான நாடு உள்ளிட்ட விவரங்கள் பொருளின் விற்பனைப் பக்கத்திலேயே தெரிய வேண்டும். பெட்டியில் இருக்கிறதே என்பது போதாது.

பொருள்களைத் தனித்தனியே வரவழைத்து இங்கே பெட்டியில் அடைக்கும் யோசனை மோசமானதல்ல, ஆனால் நீங்கள் எதிர்பார்க்கும் பலன் அதில் இல்லை. சீன மணியும் சீனக் களிமண்ணும் கோயம்புத்தூர்ப் பெட்டிக்குள் போனதால் இந்தியத் தயாரிப்பு ஆகிவிடாது. ‘இந்தியாவில் தொகுத்து அடைக்கப்பட்டது, உள்ளிருக்கும் பொருள்கள் சீனாவில் தயாரானவை’ என்று எழுதுவதே உண்மை, அப்படி எழுதியதால் வாங்காமல் போகும் பெற்றோர் குறைவு என்பது என் எண்ணம். 600 பெட்டிகளுக்கு வேண்டிய எல்லாமும் ஒரே கப்பலில், கணக்காக 600 எண்ணிக்கையில் வந்தால், பிரித்து அனுப்பிய முழுத் தொகுப்பு என்று அதிகாரி கருத வாய்ப்புண்டு. மேலும், இங்கே தொகுப்பை உருவாக்குபவர் நீங்கள் என்றாகும்போது, பொம்மைக்கான பி.ஐ.எஸ். உரிமத்தை உங்கள் கூடத்துக்கே நீங்கள் வாங்க வேண்டியிருக்கும். குறு நிறுவனங்களுக்குக் கட்டணச் சலுகை உண்டு, குறு, சிறு நிறுவனங்களுக்கான உத்யம் பதிவோடு பி.ஐ.எஸ். கிளை அலுவலகத்தை அணுகுங்கள்.

கைவினைஞர்களுக்கும் புவிசார் குறியீடு பெற்ற பொருள்களுக்கும் தரக்கட்டுப்பாட்டு ஆணையிலிருந்து விலக்கு இருப்பதாகக் கேள்விப்பட்டு அதையும் எழுதியிருக்கிறீர்கள். கைவினை வளர்ச்சி ஆணையரிடம் பதிவு செய்த கைவினைஞர் தாமே செய்து விற்பவற்றுக்கும், தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை, கர்நாடகத்துச் சன்னபட்டணத்து மரப் பொம்மை போன்ற குறியீட்டுப் பொருள்களை உரிய பதிவுள்ளவர் தயாரிப்பதற்கும் அந்த விலக்கு பொருந்தும். இறக்குமதிப் பொருள் நிறைந்த பெட்டியில் ஒரு தலையாட்டி பொம்மையை வைத்துவிட்டால் பெட்டி முழுக்க விலக்கு பெற்றுவிடாது.

அடுத்த ஆர்டருக்கு முன்

விளக்கையும் விளையாட்டு வாசகங்களையும் நீக்கி, உண்மையிலேயே ஓவியப் பயிற்சிக்கான பெட்டியாக மாற்ற விரும்பினால், பணத்தை அனுப்பும் முன் சுங்க முன்தீர்ப்பு ஆணையத்திடம் கேளுங்கள். மும்பையிலும் தில்லியிலும் இயங்கும் அந்த ஆணையம் 10,000 ரூபாய் கட்டணத்தில், மூன்று மாதங்களுக்குள் தலைப்பைத் தீர்மானித்துச் சொல்லும், அது சட்டம் மாறாதவரை, அதற்குரிய செல்லுபடிக் காலம் முழுக்க உங்களையும் துறையையும் கட்டுப்படுத்தும். இப்போது நிற்கும் சரக்குக்கு அதைக் கேட்க முடியாது, ஏனென்றால் அதிகாரி முன் நிலுவையில் உள்ள கேள்வியை ஆணையம் ஏற்காது. ஆணையத்தின் பதில் வரித் தலைப்பை மட்டுமே தீர்க்கும் என்பதால், பி.ஐ.எஸ்.ஸிடமும் எழுத்தில் தனியே விளக்கம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். எந்த வழியில் போனாலும், மூடியின் வாசகமும் இணைய விளம்பரமும் நீங்கள் அவர்களிடம் சொன்ன விவரத்தோடு ஒத்திருக்க வேண்டும்.

நேரில் போகும் நாளில் யீவூ வணிகரின் இன்வாய்ஸ், வங்கி வழிப் பணம் அனுப்பிய சான்று, கப்பல் வாடகை ரசீது, தரகருக்கு நீங்கள் கொடுத்த அதிகாரக் கடிதம், அவரோடு நடந்த உரையாடலின் அச்சு நகல், பிரிக்காத ஒரு மாதிரிப் பெட்டியின் எல்லாப் பக்கப் படங்கள் ஆகியவற்றைக் கொண்டு செல்லுங்கள். திருத்த விண்ணப்பத்தைத் தரகரிடம் கொடுத்துவிடாமல் நீங்களே அலுவலகத்தில் ஒப்படைத்து, நாள் குறித்த ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.